சாமியார்பேட்டைக்கு வடக்கே

டயரில் பாதிக் காற்றை இறக்கினார் அமலோற்பவம்.
மஸ்கட்டுக்கு அப்பால் பாலைவனக் கூடாரமொன்றில்
ஒன்பது வருடம் ரொட்டி சுட்டவர்.
"மணலோட சண்டை போடாதீங்க.
அது மேல மெத்துனு உட்காரணும் வண்டி."
குச்சியால் அமுக்கிய வால்வு
பாம்பு மாதிரி சீறியது. குறித்துக்கொண்டேன்:
இந்தப் பயணத்தின் முதல் வனவிலங்கு.

இரண்டு பகல், இரண்டு ராத்திரி, ஆளுக்கு நாலாயிரத்து ஐநூறு.
சாப்பாடு உண்டு. நரிக்கு உத்தரவாதம் இல்லை.
அதற்குக் கீழே பேனாவால்: குளிக்க வசதி இல்லை.

முந்தின நாள் பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளத்தில்
மழை அரித்த சுவர்களுக்கு நடுவே நடக்கும்போது
நவிலன் கேட்டான், இது ஆப்பிரிக்காவா?
அவன் அப்பா வெயிலில் கண்ணைச் சுருக்கி
"வானூர் தாலுக்கா" என்றார்.
ஊசுட்டேரியில் மஞ்சமூக்கு நாரைகள்
வேலை கேட்டு வந்தவர்கள் போல நின்றுகொண்டே இருந்தன.
கன்னியக்கோயில் தாண்டும்போது தெய்வசிகாமணி
ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார்,
எல்லைக்கு முந்திய கடைசிக் கடை.
வண்டி நிற்கவில்லை.
பெண்ணையாற்றுப் பாலம் ஏறி இறங்கும் வரை
அவர் யாரோடும் பேசவில்லை.

கொசு பேட்டோடு வந்திருந்த மருந்துக்கடைத் தம்பதி.
நான், மஞ்சக்குப்பத்தில் பல் செட் செய்கிறவள்;
மெழுகில் பதிந்த கடிகளைப் பார்த்துப் பார்த்து
மனிதர்களை வாயாக மட்டும் நினைவு வைத்திருப்பவள்.

சவுக்குத் தோப்பு முடிந்து
மணல்மேடு தொடங்குகிற இடத்தில் கூடாரம்.
முளை நிற்கவில்லை. அடித்த அடியையெல்லாம் மணல் விழுங்கியது.
அரிசிப் பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி
முழங்கை ஆழத்தில் புதைக்கச் சொன்னார்.
மணலை மணலாலேயே பிடித்துக் கட்டலாம் என்பது
எனக்கு நாற்பத்தோரு வயதில் தெரிந்தது.
தூரத்தில், கட்டி முடிக்காத ஆலையின் இரும்பில்
ஒரே ஒரு விளக்கு.
தணலைப் புதைத்து அவர் சுட்ட ரொட்டி
பல்லில் நறநறத்தது. யாரும் குறை சொல்லவில்லை,
தொழில்முறையில் நான்கூட.

இரண்டு மணிக்குக் கூடாரத் துணியில் விரல் தட்டியது.
"டார்ச் வேணாம். செருப்பு வேணாம்."

பங்குனி ஆமை மாசியிலேயே வந்துவிட்டுப் போயிருந்தது.
கடலிலிருந்து ஏறிக் கடலுக்கே இறங்கிய,
டிராக்டர் தடம் போன்ற அகலக் கோடு.
கோடு திரும்புகிற இடத்தில்
முதுகைக் காட்டிக்கொண்டு

நரி.

தோண்டிக்கொண்டிருந்தது.
ஒரு முட்டையை எடுத்தது.
ஓடு உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.
வரவில்லை. அது தோல்; உடையாது, கிழியும்.

"விரட்டுங்க" என்றார் மருந்துக்கடைக்காரரின் மனைவி.
"இதைப் பாக்கத்தானே காசு கட்டினோம்?"
"அதையும் பாக்கத்தான்" என்று தடத்தைக் காட்டினார்.
நவிலன் அழ ஆரம்பித்தான்,
எந்தப் பக்கத்துக்காக என்று அவனுக்கே தெரியாமல்.
எல்லோரும் அமலோற்பவத்தைப் பார்த்தோம்.
வழிகாட்ட வந்தவர் அவர்தானே.
அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணிதான் கை தட்டினார். ஒரே ஒரு தட்டு.
நரி திரும்பியது. வாயோரம் நனைந்து மினுங்கியது.
கோரைப்பற்கள் பழுதில்லை,
தேய்மானம் கொஞ்சம் இருக்கலாம்.
எங்களை ஒவ்வொருவராக எண்ணி முடித்த மாதிரி
நிதானமாகச் சவுக்குக்குள் போனது.

குழியைக் கையாலேயே மூடினோம்.
எத்தனை மிச்சம் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.

காலையில் டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தபோது
அவருடைய நோட்டு பானெட் மேல் திறந்து கிடந்தது.
நரி: ஒன்று. ஆமை: தடம் மட்டும்.
முட்டை என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து,
பேனாவை மூடாமல் விட்டிருந்தார்.
மை காய்ந்துவிடுமே என்று
நான்தான் மூடி வைத்தேன்.